திருத்துவாரகைக் கடலும் சரணாகத ரக்ஷணமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸர்வலோக சரண்யனான எம்பெருமான் எடுத்தருளிய பத்து அவதாரங்களுள் முதலாவதாக எண்ணப்படுவது மத்ஸ்யாவதாரம். வலிய சிங்கமாகவோ, பூமியை ஏந்தும் வராஹமாகவோ முதலில் தோன்றாமல், ஒரு கை நீரில் அடங்கும் சிறு மீனாக எம்பெருமான் தோன்றியதன் கருத்தை ஆஸ்திகர்கள் ஊன்றி அநுஸந்திக்க வேண்டும்.

ஸ்ரீமத் பாகவதம் எட்டாவது ஸ்கந்தத்தில் இச்சரிதம் விரிவாகச் சொல்லப்பட்டுள்ளது. திராவிட தேசத்து அரசனான ஸத்யவ்ரதன், கிருதமாலா நதியில் நின்று ஜலதர்ப்பணம் செய்துகொண்டிருந்தான். கிருதமாலா என்பது மதுரையை வளப்படுத்தும் வையையே என்பர் பெரியோர். அவன் கைநீரில் ஒரு மீன்குஞ்சு வந்து சேர்ந்தது. அரசன் அதனை ஆற்றிலேயே விட்டான். அப்போது அம்மீன், தன்னினும் பெரிய நீர்வாழ் பிராணிகள் தன்னை விழுங்கிவிடும் என்று அஞ்சி, தன்னைக் காக்குமாறு வேண்டியது. அரசன் மனமிரங்கி அதனைத் தன் கமண்டலுவில் இட்டான். ஓரிரவில் கமண்டலு போதாதாயிற்று. பின்பு சால், பின்பு தடாகம், பின்பு பெரிய ஏரி எனப் படிப்படியாக இடம் மாற்றி, முடிவில் கடலுக்கே கொண்டு சென்றான். பின்னர் ப்ரளயம் வந்தபோது, அம்மீனே தன் கொம்பில் ஓடத்தைப் பூட்டிக்கொண்டு, அரசனையும் ரிஷிகளையும் வித்துக்களையும் கரை சேர்த்தது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எம்பெருமானே ரக்ஷகன், ஜீவன் ரக்ஷிக்கப்படும் பொருள். இது ஸித்தாந்தம். ஆயினும் இச்சரிதத்தில் எம்பெருமான் தன்னை ரக்ஷ்யனாக ஆக்கிக்கொண்டு, மனிதன் கையில் முதலில் அடைக்கலம் புகுந்தான். அந்தச் சிறு மீன் பகவான் என்று அரசன் அறியான். அறியாமலே காத்தான். அறிந்தபின் காப்பது பக்தி. அறியாதபோதே காப்பது தயை. அந்தத் தயைக்கு வசப்பட்டே எம்பெருமான் ப்ரளயத்தில் அவனைக் காத்தருளினான்.

மீன் குலத்தினிடம் எம்பெருமானுக்குள்ள அபிமானம் அவ்வவதாரத்தோடு நின்றுவிடவில்லை. ஸ்ரீமத் பகவத்கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் தன் விபூதிகளை அர்ஜுனனுக்கு எடுத்துரைக்குமிடத்து, மீன்களுள் மகரம் தானே என்று கண்ணன் அருளிச்செய்தான். மகரம் என்ற சொல்லுக்குச் சுறாமீன் என்பது தமிழில் வழங்கும் பொருள்களுள் ஒன்று. மகர ராசியைச் சுறவம் என்றும், மன்மதனுடைய மகரக்கொடியைச் சுறவக்கொடி என்றும் சொல்வது தமிழ் மரபு. எம்பெருமான் திருச்செவிகளில் சாற்றிக்கொள்வதும் மகரகுண்டலமே. நவதிருப்பதிகளுள் ஒன்றான தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதன் என்பதே அவன் திருநாமம். தன் காதோரம் எப்போதும் இருக்கும்படி எந்த ஜாதியை அவன் வைத்துக்கொண்டானோ, அந்த ஜாதிக்கு இக்காலத்தில் நேர்ந்த ஆபத்தையும், அதிலிருந்து அது மீண்ட விதத்தையும் பாகவதர்கள் அறிந்திருத்தல் நலம். அது நிகழ்ந்த இடம் வேறெதுவுமன்று. ஆழ்வார்கள் மங்களாசாஸனம் செய்தருளிய திருத்துவாரகையை உள்ளிட்ட ஸௌராஷ்டிரக் கடற்கரையே.

அக்கடலுக்கு ஆண்டின் சில மாதங்களில் திமிங்கிலச் சுறா என்னும் மீன் வருகிறது. உலகிலுள்ள மீன்கள் அனைத்திலும் பெரியது இதுவே. நாற்பதடி நீளத்துக்கு வளரும். அறுபதடி அளவு வளர்ந்தனவும் உண்டு. பெயரைக் கேட்டு அஞ்சவேண்டுவதில்லை. வாய் மிக அகன்றிருந்தும், அது எவரையும் கடிப்பதில்லை. வாயைத் திறந்து மெல்ல நீந்தி, கடல்நீரில் மிதக்கும் கண்ணுக்கெட்டாத நுண்ணுயிர்களையும் மீன்முட்டைகளையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்டு ஜீவிக்கும் ஸாது பிராணி அது. கருநீல முதுகின்மேல் வெண்புள்ளிகள் விண்மீன்கள்போல் விளங்கும். மனிதர்க்குக் கைரேகை போல, ஒரு மீனின் புள்ளிக்கோலம் மற்றொன்றுக்கு அமைவதில்லை. வானத்து நட்சத்திரக் கூட்டங்களை இனங்காண வகுத்த கணித முறையைக் கொண்டே இன்று விஞ்ஞானிகள் இம்மீன்களைத் தனித்தனியே அடையாளம் காண்கின்றனர்.

இதன் ப்ரஸவமும் ஆச்சரியமானது. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குட்டிகளாகவே வெளிவரும். 1995-ஆம் ஆண்டு தைவான் கடலில் பிடிபட்ட ஒரு தாய்மீனின் வயிற்றில் ஏறத்தாழ 300 குட்டிகள் இருந்தன. ஆனால் இம்மீன் பருவமடைவதற்கு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆகுமென்பர். ஆகையால் ஒரு தாய்மீனைக் கொன்றால், அவ்விடத்தை நிரப்ப ஒரு தலைமுறைக் காலம் வேண்டும்.

இத்தகைய பிராணியை 1990-களில் குஜராத் கரையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் கொன்றனர். பெரிய தூண்டில் முள்ளைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையில் காலிப் பீப்பாய்களைப் பிணைத்து, முள்ளை மீனின் உடலில் பாய்ச்சுவர். பீப்பாய் மிதப்பதால் மீன் ஆழத்துக்குச் செல்ல இயலாமல் தவித்துச் சோர்ந்துவிடும். பின்பு கரைக்கு இழுப்பர். ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயைப் படகுகளின் மரப்பலகைகளுக்குப் பூசினர். இறைச்சி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. அம்மீனுக்கென்று ஒரு பெயர்கூட இல்லாமல், அதைக் கொல்லும் கருவியின் பெயராலேயே ‘பீப்பாய்’ என்று அங்கு அழைத்தனர். பெயர் என்பது அன்பின் முதற்படி. எம்பெருமானுக்கு ஆயிரம் திருநாமமிட்டு அழைக்கும் தேசத்தில், இவ்வளவு பெரிய ஒரு ஜீவனுக்கு ஒரு நற்பெயரும் இல்லாதிருந்தது.

இக்கொலையை மைக் பாண்டே என்பவர் படமெடுத்து 2000-ஆம் ஆண்டில் உலகறியச் செய்தார். 2001-ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கிலச் சுறாவைச் சேர்த்து, புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பை அதற்கும் அளித்தது. அச்சட்டத்தால் இந்தியாவில் முதன்முதல் காக்கப்பட்ட மீன் இதுவே. 2016-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் இதனை அழிவின் விளிம்பை நெருங்கும் இனமென்று அறிவித்தது.

ஆயினும் சட்டம் கையைக் கட்டுமேயன்றி நெஞ்சை மாற்றாது. நடுக்கடலில் காவலர் எவர்? 2004-ஆம் ஆண்டில் குஜராத் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் வேறு சிலரும் சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கியபோது, இராமகதை நிகழ்த்தும் மொராரி பாபுவை நாடினர். அவர் மீனவர்களிடம் புள்ளிவிவரம் பேசவில்லை. தண்டனையைச் சொல்லியும் அச்சுறுத்தவில்லை. இம்மீன் நம் கரைக்கு வருவது, ப்ரஸவத்துக்குப் பிறந்தகம் வரும் மகள் வருவது போன்றது என்று எடுத்துச் சொன்னார். சூல் கொண்ட மகளைத் தந்தை வாசலில் வைத்துக் கொல்வானோ என்ற கேள்வி கேட்டவர் உள்ளத்தில் தானே எழுந்தது. இம்மீன் குட்டி ஈனுவதைக் கடலில் இதுவரை எவரும் கண்டதில்லை. ஆனால் உவமையின் உண்மை அதில் அடங்கியதன்று. வந்தவள் மகள் என்ற ஸம்பந்த ஞானமே முக்கியம். அன்றுமுதல் ‘பீப்பாய்’ என்ற பெயர் மறைந்து, அன்புக்குரியவள் என்று பொருள்படும் ‘வஹாலி’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

ஸம்பந்த ஞானம் பிறந்தால் அநுஷ்டானம் தானே வரும் என்பது நம் பூர்வாசாரியர்கள் காட்டிய வழி. வேராவல் முதலிய துறைகளின் மீனவர்கள், தற்செயலாகத் தங்கள் வலையில் இம்மீன் அகப்பட்டால், தங்கள் கையாலேயே வலையை அறுத்து அதனை விடுவிக்கத் தொடங்கினர். இவ்வாறு விடுதலை பெற்றவை எழுநூறுக்கும் மேல். அறுத்த வலைக்கு அரசு ஓரளவு ஈடு தருகிறது. எனினும் அன்றைய பிடி போயிற்று. செலவிட்ட எண்ணெய் போயிற்று. புது வலை பின்னி முடிக்கும்வரை தொழில் தடைப்படும். கடன் வாங்கிக் கடலுக்குச் செல்லும் ஏழை ஒருவனுக்கு வலை என்பது வெறும் நூலன்று. வீட்டு அடுப்பின் நெருப்பு. அதைத்தான் அவன் அறுக்கிறான்.

சரணாகத ரக்ஷணத்தின் இலக்கணத்தை ஸ்ரீராமாயணத்தில் கடற்கரையிலேயே காண்கிறோம். விபீஷணாழ்வான் வந்து நின்றபோது, ஏற்கலாகாதென்று சுக்ரீவன் முதலானோர் தடுத்தனர். அப்போது பெருமாள் எடுத்துக்காட்டியது ஒரு புறாவின் கதை. தன் பேடையைப் பிடித்த வேடனே அடைக்கலமாக வந்தபோது, ஆண்புறா தன் உடலையே அவனுக்கு உணவாக்கியது. பறவை இதைச் செய்யுமாயின் நாம் செய்யத் தகாதோ என்பது பெருமாள் திருவுள்ளம். ரக்ஷணம் என்றால் காப்பவனுக்கு ஏதேனும் குறைந்தே தீரும். ஒன்றும் குறையாமல் செய்வது உபசாரம் மாத்திரமே. புறா உடலைக் கொடுத்தது. மீனவன் வலையைக் கொடுத்தான். விபீஷணன் வாய்விட்டு அடைக்கலம் கேட்டான். கஜேந்த்ரன் துதிக்கை தூக்கி அழைத்தான். வலையிற் சிக்கிய மீனுக்கோ அஞ்சலி செய்யக் கையில்லை, சரணமென்று சொல்ல வாக்கில்லை. கேளாமலே காத்தது அந்த மீனவனுடைய ஏற்றம்.

முன்பு கொன்றவர்களும் அக்கரையோர்தாமே என்று எவரும் அவர்களை இகழவேண்டா. வேராவலுக்கு அருகேதான் பால்கா என்னும் ஸ்தலம் இருக்கிறது. கண்ணபிரான் அவதாரத்தை முடித்துக்கொள்ளத் திருவுள்ளம் பற்றி மரத்தடியில் அமர்ந்திருந்தபோது, ஜரன் என்னும் வேடன் திருவடியை மான் என்று மயங்கி அம்பெய்த இடம் அது. பதறி வந்து விழுந்த வேடனை அவன் கோபியாமல், அஞ்சாதே என்று தேற்றி நற்கதி அளித்தான். ஓர் உயிரை இன்னதென்று அறியாமல் எய்தவனுக்கும் அருள் கிடைத்த கரை அது. ‘பீப்பாய்’ என்று எய்தவர்கள் ‘வஹாலி’ என்று அறிந்து வலையறுத்ததும் அதே கரையில்தான்.

மகளை அழைத்தால் மட்டும் போதுமோ? அவள் தங்க வீடும் உண்ண உணவும் வேண்டும். கடலுக்கு வீடாவன பவளப் பாறைகளும் கரையோரத்து அலையாத்திக் காடுகளும். அலையாத்தி வேர்களுக்கிடையேதான் பல மீன்களும் இறால்களும் குஞ்சாக வளர்கின்றன. அங்கு உதிரும் இலைச் சத்தே நுண்ணுயிர்கள் தழைக்க ஆதாரமாகிறது. அவ்வளமே பெருமீன்களுக்கும் மீனவர்களுக்கும் ஆஹாரம். துவாரகைக்கு அண்மையிலுள்ள கட்ச் வளைகுடாவில் 1982-ஆம் ஆண்டில் நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்ததும், நம் மன்னார் வளைகுடாவில் 1986-இல் அமைந்ததும் இதன்பொருட்டே. காட்டை வெட்டிக் கரையை அடைத்து, கழிவைக் கடலில் விட்டால், வலையறுத்து விடுவித்த மீன் பட்டினியால் மாளும்.

இவ்விடத்தில் யாத்ரிகர்களுக்கும் ஒரு கடமையுண்டு. திமிங்கிலச் சுறா வாயைத் திறந்து நீரை வடிகட்டி உண்பது. நீரில் இருப்பதனைத்தும் அதன் வயிற்றைச் சேரும். கோமதி ஸங்கமத்திலும் ஸேதுக்கரையிலும் மாசிமகத் தீர்த்தவாரியிலும் பக்தர்கள் விட்டெறியும் பிளாஸ்டிக் பைகள் நாளடைவில் துகள்துகளாகி, அந்நுண்ணுயிர்களோடு கலந்து அதன் வாய்க்குள் செல்கின்றன. ஒரு மீனவன் தன் ஜீவனத்தை அறுத்துக் காத்த மீனை, புண்ணியம் தேடி வந்தவன் ஒரு பையினால் கொல்வது எத்தகைய அநியாயம்! சக்கரத்தாழ்வார் நீராடும் தீர்த்தத்தில் ஒரு துணியையோ பையையோ விடாமல் திரும்புவதும் கைங்கர்யமே. நம் தமிழகக் கடலிலும் இம்மீன் எப்போதேனும் வலையிற் படுவதுண்டு. காப்பது சட்டத்தின் கட்டளை மட்டுமன்று. மத்ஸ்யாவதாரத்தைக் கொண்டாடுவோரின் தர்மமுமாகும்.

சேதநாசேதனங்கள் அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது ஸ்ரீபாஷ்யகாரர் நிலைநாட்டிய பரமார்த்தம். சரீரத்தில் எங்கே முள் தைத்தாலும் சரீரிக்கே நோவு. ஸத்யவ்ரதன் கைநீரில் காத்த மீனே ப்ரளயத்தில் அவன் ஓடத்தை இழுத்தது. இன்று நம் கைக்கு எட்டிய நீரில் நாம் எதைக் காக்கிறோமோ, அதுவே நாளை நம் ஸந்ததியின் ஓடத்தை இழுத்துச் செல்லும். மகரகுண்டலம் விளங்க வீற்றிருக்கும் திருத்துவாரகை நாதன், கடலுயிர்களையும் கடல்வழி பிழைப்போரையும் அடியார்களையும் குறைவின்றிக் காத்தருள்வானாக.

ஸர்வம் ஸ்ரீகிருஷ்ணார்ப்பணமஸ்து.