செய்தவர் பெயர்

1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். கல்லூரித் தேர்வில் தோற்றுப் பட்டம் பெறாமல் நின்றவர். பெயர் இராமானுஜன்.

இந்தக் கதையை நாம் வழக்கமாகச் சொல்வது எப்படி? ஒரு மூலையில் மேதை ஒருவர் இருந்தார், கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டி அவரைக் கண்டுபிடித்தார், உலகம் அறிந்துகொண்டது. வாழ்நாளில் பெரும்பகுதியை அலுவலக நாற்காலியில் கழித்தவன் என்பதால் எனக்கு இந்தச் சுருக்கம் போதவில்லை. ஹார்டிக்குக் கடிதம் போனது 1913 ஜனவரி 16ஆம் தேதி. அதற்கு முன்னால் இராமானுஜனின் கணிதக் குறிப்பேடுகள் எத்தனை பேர் மேசைக்குப் போயிருக்கின்றன என்பதுதான் என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி.

குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு இராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசுவாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். வருவாய்த் துறையில் ஒரு சிறு வேலை கேட்டு வந்த இளைஞனை அந்த வேலையில் அமர்த்திவிடாமல், சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தன் கைப்பணத்திலிருந்து மாதாமாதம் உதவினார். துறைமுக அலுவலகத்தில் மேலதிகாரியாக வாய்த்த எஸ். நாராயண ஐயரோ தாமே கணிதம் படித்தவர். மாலையில் வீட்டில் இருவரும் சிலேட்டுப் பலகையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இராமானுஜன் ஒரு படியிலிருந்து சட்டென்று வெகுதூரம் தாவிவிடுவார். எனக்கே புரியவில்லையென்றால் மற்றவர்கள் எப்படி ஏற்றுக்கொள்வார்கள், நடுவிலுள்ள படிகளையும் எழுது என்று நாராயண ஐயர் வற்புறுத்துவாராம்.

அலுவலகத்தில் கவனிக்கப்படுவதைப் பற்றி நான் கேட்ட அறிவுரைகளில் இதைவிட நல்லது இல்லை. நடுவிலுள்ள படிகளை எழுது. செய்தவருக்கு எல்லாம் தெளிவாக இருக்கும். பார்ப்பவருக்கு விடை மட்டும்தான் தெரியும். அந்த விடைக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு கிடக்கிறது என்பது எழுதிக் காட்டினால் ஒழியத் தெரியாது.

என் அண்ணன் மகள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். வங்கிக் கணக்குகளை இரவில் ஓட்டும் மென்பொருளைப் பராமரிப்பது அவள் குழுவின் வேலை. சென்ற ஆண்டு அப்ரைசல் முடிந்த வாரம் வீட்டுக்கு வந்தவள் முகம் சரியில்லை.

“நல்லா வேலை செஞ்சா போதாதா சித்தப்பா? அதை நானே போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியணுமா?”

நடந்தது இதுதான். மாதக்கடைசி ஓட்டத்தில் வட்டி இரண்டு முறை பதிவாகிவிடக்கூடிய ஒரு பிழையை அவள் முன்கூட்டியே கண்டு சரிசெய்திருந்தாள். மாதக்கடைசி இரவு அமைதியாகப் போயிற்று. அதே காலாண்டில் இன்னொருவர் போட்ட மாற்றத்தால் ஒரு நாள் எல்லாம் நின்றுவிட, அவர் விடிய விடிய உட்கார்ந்து மீட்டெடுத்தார். பாராட்டு மெயில் அவருக்கு வந்தது, ரேட்டிங்கும் வந்தது. அவர் பட்ட பாடு உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நடக்காமல் தடுக்கப்பட்ட விபத்துக்கு எந்த ஊரிலும் சாட்சி கிடையாது.

அரசு அலுவலகத்திலும் இதையே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பில்லையும் விதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறை இருந்தால் அன்றே திருப்பி அனுப்பும் உதவியாளர் ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். அவர் கையில் போன கோப்புகளில் தணிக்கைத் தடை வந்ததே இல்லை. தடை வந்தால் பதில் எழுதியவர் பெயர் தெரியும். தடையே வராத கோப்பில் யார் பெயர் தெரியும்? அவர் ஓய்வு பெற்ற பின் அந்த இருக்கையில் தணிக்கைத் தடைகள் குவியத் தொடங்கியபோதுதான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது மேலிடத்துக்குப் புரிந்தது. மிகத் தாமதமான புரிதல். அவருடைய பதவி உயர்வுக்கோ சம்பளத்துக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை.

அண்ணன் மகளிடம் நான் சொன்னது எளிமையானது. மாதம் ஒருமுறை அரைப் பக்கம் எழுது. பிழை என்ன, எப்போது கண்டாய், எப்படிச் சரிசெய்தாய், விட்டிருந்தால் எத்தனை கணக்குகள் கெட்டிருக்கும். ‘சிறப்பாக’, ‘கடுமையாக’ என்ற சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். மேனேஜருக்கு அனுப்பு, உனக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள். ஹார்டிக்கு இராமானுஜன் அனுப்பியதும் இப்படித்தான். தான் யார், என்ன சம்பளம் என்பதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை வைத்தார். படித்துப் பார்க்கத் தெரிந்தவர் முன்னால் வேலையை வைத்தார்.

அவளுக்கு அப்போதும் தயக்கம் தீரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். நிறைகுடம் தளும்பாது என்று சொல்லித்தானே வளர்த்திருக்கிறோம், பெண்பிள்ளைகளிடம் இன்னும் அழுத்தமாக. அந்தப் பழமொழியை நான் மதிக்கிறேன். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று பேசி, பிறர் வேலைக்கும் சேர்த்துப் பாராட்டு வாங்கிக்கொள்பவர்களை எனக்குப் பிடிக்காது. அந்த வழியை யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். ஆனால் அந்தப் பழமொழி தற்பெருமைக்கு எதிராகச் சொல்லப்பட்டது. செய்த வேலைக்குக் கணக்கு ஒப்படைப்பது தற்பெருமை ஆகாது. கூலி வாங்குபவர் கணக்குச் சொல்வது நேர்மையின் ஒரு பகுதி.

நம் அலுவலகங்களில் அதற்கென்றே ஓர் இடமும் இருக்கிறது. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஊழியரே தன் பணியைப் பற்றி எழுத வேண்டிய பகுதி. பெரும்பாலோர் அங்கே ‘ஒப்படைக்கப்பட்ட பணிகள் அனைத்தும் உரிய காலத்தில் முடிக்கப்பட்டன’ என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். போன ஆண்டு எழுதிய வரியைப் பார்த்தே எழுதுகிறவர்களும் உண்டு. ஓர் ஆண்டு உழைப்பை இப்படி ஒரு வரியில் புதைத்துவிட்டு, என்னை யாரும் கவனிப்பதில்லை என்று தேநீர்க் கடையில் வருந்துவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மேலதிகாரி அதில் என்ன எழுதினார் என்பது நீண்ட காலம் ஊழியருக்குத் தெரியாமலே இருந்தது. பாதகமான குறிப்பு என்றால் மட்டும் தெரிவிப்பார்கள். எல்லைச் சாலைப் பொறியாளர் ஒருவருக்கு 1993-94 ஆண்டு அறிக்கையில் ‘நன்று’ என்று போட்டிருந்தார்கள். பதவி உயர்வுக்குத் தேவைப்பட்டது ‘மிக நன்று’. கேட்பதற்கு நல்ல சொல்லாக இருந்த அந்த ‘நன்று’ அவரைத் தடுத்துவிட்டது. அது அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. தேவ் தத் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், பாதகமோ சாதகமோ, எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசு, மதிப்பீட்டு அறிக்கைக்கு இருந்த ‘இரகசிய அறிக்கை’ என்ற பெயரையே மாற்றி, முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்ட உத்தரவிட்டது. அறிக்கை கைக்கு வந்தால் படியுங்கள். குறைவாகப் போட்டிருந்தால் முறையாக எழுதிக் கேளுங்கள். ஒருவர் நீதிமன்றப் படியேறி அரசு ஊழியர்களுக்குப் பெற்றுத் தந்த உரிமை அது.

எல்லாம் செய்தும் கவனிக்கப்படாமல் போகலாம். இராமானுஜன் ஹார்டிக்கு முன்பே பேக்கர், ஹாப்சன் என்ற இரு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களுக்கு எழுதினார், பலன் இல்லை. அவர்கள் பதவியில் பெரியவர்கள்தான். அதனால் கணிதம் பொய்யாகிவிடவில்லை. ஒருவர் பார்க்காதபோது இன்னொருவரிடம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அது உண்மையிலேயே சோர்வு தரும் வேலை.

ஆகவே செய்பவர் மேல் மட்டும் இந்தப் பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை. 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது இராமானுஜனின் குறிப்புகள் அவரிடம் காட்டப்பட்டன. வாக்கரும் கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. கணக்குப் பிரிவு நாற்காலியிலிருந்து எழுந்து, பகல் முழுவதும் கணிதம் செய்ய முடிந்தது. அங்கீகாரத்தைப் புகழாசை என்று ஒதுக்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வேலை தெரிந்தவருக்கு அந்த வேலையைச் செய்ய நேரம் கிடைப்பது அதைப் பொறுத்திருக்கிறது.

தன் எழுத்தர் தன்னைவிடப் பெரியவர் என்று நாராயண ஐயருக்குத் தெரியும். அவர் அதை மறைக்கவில்லை, கூச்சப்படவும் இல்லை. அப்படிப்பட்ட மேலதிகாரிகள் குறைவு. கீழே இருப்பவர் தயாரித்த அறிக்கையில் தன் பெயரைப் போட்டு மேலே அனுப்புபவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ‘குழுவின் உழைப்பு’ என்று பொதுவாகச் சொல்லி எல்லோர் பெயரையும் ஒன்றாகக் கரைத்துவிடுவதும் அதற்குச் சற்றுத்தான் மேல்.

உங்களுக்குக் கீழே இரண்டு பேராவது வேலை பார்க்கிறார்கள் என்றால், இந்த வாரம் நீங்கள் மேலே அனுப்பப்போகும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். இதைத் தயாரித்தவர் இன்னார் என்று பெயரைப் போட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் ஒரு நகலை அவருக்கும் அனுப்புங்கள்.