மகிழ மரத்தடியில் ஒரு சத்தியம்

டாரட் சீட்டுக்கட்டில் 78 சீட்டுகள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் வெறும் ஆட்டத்துக்காக வரையவைத்தவை. அவற்றை வைத்துக் குறி சொல்வது பரவியது 18ஆம் நூற்றாண்டில்தான். நடக்கப்போவதைச் சொல்ல மாட்டோம், வழிகாட்டுவோம், தன்னம்பிக்கை தருவோம் என்கிறார்கள் இன்று சீட்டுப் போடுகிறவர்கள்.

நமக்கு இது புதிதல்ல. கிளி எடுக்கும் சீட்டும், சாமி முன் பூக்கட்டிப் பார்ப்பதும் நம்மிடம் உண்டு. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளையின்றித் தவித்தபோது, குலகுரு சகலாகம பண்டிதர் தேவாரச் சுவடியில் கயிறு சாத்தி, அது காட்டிய ஏட்டைப் பிரித்தார். சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. களப்பாளர் மனைவியோடு அங்கே போய் முக்குளத்தில் நீராடினார். பிறந்த பிள்ளைதான் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் என்கிறது சைவ மரபு. ஏடு ஊரைத்தான் காட்டியது, கிளம்பிப் போனது களப்பாளர்.

திருவொற்றியூர்க் கதை இன்னும் கடுமையானது. தான் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்யவேண்டிய சுந்தரர், அந்த நேரம் மட்டும் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடியில் இருக்கும்படி சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, மகிழடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிட்டார். வேறு வழியின்றி அங்கேயே சத்தியம் செய்த சுந்தரர், பிறகு திருவாரூர் நினைவில் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் இருண்டன. அந்தச் சத்தியம் மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் நடக்கிறது. கடவுளையே தோழனாகப் பெற்றவரும் தன் முடிவின் பலனைத் தானே சுமந்தார்.

சீட்டுக்கும் இதுவே அளவுகோல். பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் வெளியான டாரட் சீட்டுக்கட்டில் ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான், முகம் மட்டும் அமைதியாக இருக்கிறது. ஒருவருக்கு அது சிக்கலாகத் தெரியும், இன்னொருவருக்குப் பொறுமையாக. தோன்றுவது பார்க்கிறவர் மனதில் இருப்பதுதான். இந்தக் கல்யாணம் வேண்டுமா என்று வீட்டில் வாய்விட்டுக் கேட்க முடியாத பெண்ணுக்கு, தன் மனதைப் பேச அரைமணி நேரம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. பரிகாரம், கட்டணம் என்று பேச்சு திரும்பினால் முடிவெடுக்கும் உரிமை அவள் கையைவிட்டுப் போகிறது.

சீட்டுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்களிடம் சீட்டைப் போட்டு, உங்கள் மனத்தடையை நீக்குங்கள் என்பது அநியாயம். அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இரண்டையும் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

சீட்டைக் கலைக்கும் முன், இந்தக் கேள்வி உங்களுடையது மட்டும்தானா, ஊருக்கே உரியதா என்று வந்தவரிடம் கேளுங்கள். ஊருடையது என்றால் கட்டை மூடிவைத்து, மனு எழுத உதவுங்கள்.