ஆபுத்திரன் கேட்காத கேள்வி

தெருவோரம் காலொடிந்து கிடக்கும் நாயைப் பார்த்து, "போன பிறவியில் என்ன பாவம் பண்ணிச்சோ" என்று சொல்லிவிட்டு நடப்பவர்கள் பலர். அந்தப் பேச்சில் இரக்கமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வாயோடு நின்றுபோகிற இரக்கம். வலிக்குக் காரணம் நாயின் பழைய வினையே என்று முடிவு கட்டிவிட்டால், பிறகு நமக்கு அங்கே வேலை இல்லை. மறுபிறவி உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை; உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், ஒரு விலங்கின் துன்பத்தைத் தண்டனை என்று சொல்லி ஒதுங்கிப்போக அந்த நம்பிக்கை இடம் தருவதில்லை.

பிறவிக் கதைகளால் நிறைந்த நூல் மணிமேகலை. மணிபல்லவத் தீவில் அதன் நாயகி மணிமேகலை தன் முற்பிறப்பையே அறிந்துகொள்கிறாள். அந்தக் காப்பியத்தில்தான் ஆபுத்திரன் வருகிறான். பெற்றவள் விட்டுப்போன அவனை ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாற்றியது ஒரு பசு. வளர்ந்த பிறகு, வேள்விச்சாலை ஒன்றில் கொம்பில் மாலை சுற்றிக் கொல்வதற்காக நிறுத்தப்பட்ட பசுவைப் பார்க்கிறான். அது பயத்தில் சூடாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. இரவில் அதை ஓட்டிக்கொண்டு போகிறான், பிடிபட்டு அடிவாங்குகிறான். அப்போது வேதியர்களிடம் அவன் பேசும் நியாயத்தைக் கவனிக்க வேண்டும். யாருக்கும் உரிமையில்லாத நிலத்துப் புல்லை மேய்ந்து, உலகத்தாருக்குப் பால் தருகிற இந்த உயிரோடு உங்களுக்கு என்ன பகை என்று கேட்கிறான். அந்தப் பசு முன்பு யாராக இருந்தது, என்ன வினையால் கயிற்றில் மாட்டியது என்ற பேச்சே எழவில்லை. எல்லாருடைய முற்பிறவியையும் சொல்லத் தெரிந்த நூலாசிரியர் சாத்தனார், இந்த இடத்தில் அதைத் தேவையாகக் கருதவில்லை. அதுமட்டுமல்ல, மறுபிறவியில் ஆபுத்திரன் சாவகத்தில் பசு வயிற்றில் பிறந்து, புண்ணியராசன் என்ற அரசனாகிறான். விலங்கின் வயிறு அங்கே இழிவாகப் படவில்லை. சைவ மரபிலும் இதற்குத் துணை உண்டு: திருவானைக்காவில் சருகு விழாமல் லிங்கத்துக்கு மேல் வலை பின்னிய சிலந்திதான் கோச்செங்கட்சோழராகப் பிறந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. சிலந்தி, சிலந்தியாக இருந்தபோதே தொண்டு செய்தது.

மானிடப் பிறவி அரிது, விலங்குப் பிறவி தாழ்ந்தது என்று நூல்கள் சொல்கின்றனவே என்பார்கள். சொல்கின்றன. ஆனால் மனிதனுக்கு வாய்த்த வீடுபேற்றின் வாய்ப்பைப் பற்றிய பேச்சு அது. மற்ற உயிர்களைக் கைவிட யாருக்கும் கொடுத்த அனுமதி அல்ல. இன்னும் சிலர் அன்போடு வேறு வழியில் வருவார்கள்: அந்த நாய் ஒரு பிறவியில் நம் தாயாக இருந்திருக்கலாம், அதனால் இரங்க வேண்டும் என்று. நல்ல மனம்தான், ஆனாலும் எனக்கு இது போதவில்லை. நாய்க்குள் ஒரு மனுஷியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அதற்குத் தண்ணீர் வைக்க வேண்டுமா? தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் அடுக்கும்போது, ஓரறிவுக்கே தொடுவுணர்வைத் தந்துவிடுகிறது. ஐந்தறிவு உள்ள உயிருக்கு வலி தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கடினமான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. துன்பம் கடவுள் விதித்த வினைப்பயன் என்றால், அதை நீக்குவது அவர் ஆணைக்குக் குறுக்கே நிற்பது ஆகாதா? 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார் இதை நேராகவே எதிர்கொண்டார். வினையை மறுத்தவர் அல்ல அவர். கொடிய குற்றவாளியைச் சிறையில் அடைக்கும் அரசனும் தன் சேவகர்களைக் கொண்டு அவனுக்குச் சோறு போடுகிறான் என்று 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற தம் நூலில் விளக்கினார். தண்டனை ஒன்று, பட்டினி வேறு. இந்த நியாயத்தை இன்னும் ஓரடி கொண்டுபோகலாம். கொடுத்தனுப்பிய சோற்றைக் கைதிக்குப் போடாமல் நிறுத்திக்கொண்ட சேவகன், "அவன் குற்றவாளிதானே" என்று சொல்லித் தப்ப முடியாது. கைதியின் வழக்கு ஏற்கெனவே தீர்ந்தது. இப்போது விசாரணை சேவகன் மேல்.