கண்முன் நிற்கும் பிழை

பிறர் பிழை எளிதில் தெரியும்; தம் பிழை தெரிவது அரிது. இது யாவரும் அறிந்ததே. ஆயின், கண்ணெதிரே எழுதப்பட்டுள்ள வெளிப்படையான பிழைகூட எழுதியவருக்குப் புலப்படாமற் போவது ஏன்? கணிப்பொறி நிரல் எழுதுவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இது.

2014ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி மென்பொருளில் ஒரு பிழையை அவசரமாகத் திருத்தியது. இணையத்தின் வழியே ஒரு வங்கியை நாடும்போது, மறுமுனையில் இருப்பது மெய்யாகவே அவ்வங்கிதானா என்று சோதிக்கும் பகுதி அது. ஒவ்வொரு சோதனையின் கீழும், தவறு தென்பட்டால் முடிவுக்குச் செல்லுமாறு ஒரு கட்டளை உண்டு. ஓரிடத்தில் மட்டும் அக்கட்டளை வரி அடுத்தடுத்து இருமுறை அமைந்துவிட்டது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவதற்கோ நிபந்தனை ஏதுமில்லை. ஆகவே கணிப்பொறி எப்போதும் அங்கிருந்தே தாவி, கையொப்பத்தைச் சரிபார்க்கும் இறுதிச் சோதனையைச் செய்யாமலே தவறில்லை என விடை தந்தது. இரு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்தமையால், படிப்போர் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்குள் அடங்கியவை போலவே தோன்றின. நுண்ணிய கணிதம் எதுவும் அங்கில்லை. ஒரே வரி இருமுறை, அவ்வளவே.

ஆசிரியப் பணி ஆற்றிய நமக்கு இது வியப்பன்று. ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிப் போட்டோம். பிள்ளைகள் அனைவரின் விடையும் தவறாக இருந்தது. கவனமில்லை என்று வகுப்பு முழுவதையும் கடிந்துகொண்டோம். மும்முறை பலகையை நோக்கியும் குறை தெரியவில்லை. அப்போது ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், பலகையில் நாற்பத்தெட்டு என்றல்லவா இருக்கிறது?" என்றாள். நாம் மனத்தில் கொண்டது 84, எழுதியது 48. மும்முறையும் நாம் படித்தது பலகையை அன்று, நம் மனத்தையே.

கண்ணில் பழுதில்லை. 'நாம் சரியாகத்தான் எழுதியிருப்போம்' என்னும் துணிவே திரையாகிறது. அதனாலேயே நிரல் எழுதுவோரும் இயந்திரத்தை ஐயுறுவர், உடன் பணிபுரிவோரை ஐயுறுவர். தம் வரியை இறுதியிலேயே ஐயுறுவர். இதற்கு அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று சுவையானது. மேசைமேல் ஒரு ரப்பர் வாத்துப் பொம்மையை வைத்து, தாம் எழுதியதை அதனிடம் வரிவரியாக விளக்கிச் சொல்வர். வாத்து ஒன்றும் சொல்வதில்லை. எனினும், வாய்விட்டுச் சொல்லும்போது கருதியதை விட்டு, எழுதியதைச் சொல்ல நேர்கிறது; பிழை தானே வெளிப்படுகிறது. அச்சிறுமி நமக்குச் செய்த உதவியும் அதுவே.

அன்று நாம் எண்ணை அழித்துத் திருத்தினோம். "பிழை என்னுடையது" என்று அப்பிள்ளைகளிடம் கூறவில்லை. எண் மாறியது கைத்தவறு. கூறாமல் விட்டதோ நெஞ்சறிந்த தவறு. எழுபது கடந்த பின்னும் உறுத்துவது பின்னதே.

ஆதலின், குறையை வெளியே தேடுமுன் நம் வரியை அயலார் எழுதியது போல் ஒருமுறை வாய்விட்டுப் படிப்போம். பிழை கண்டால், திருத்துவதோடு நில்லாது, அது நம்முடையதே என்று சொல்லவும் பழகுவோம்.