பங்குனி ஆமையும் நம் மனச்சாட்சியும்



தபசுகாலத்தை ஒட்டிய மாதங்களில் நம் காரைக்கால் கரையோரத்துக்கு ஒரு விருந்தாளி வருவதுண்டு. பங்குனி ஆமை என்பது அதன் பெயர். தை முதல் பங்குனி வரை பெண் ஆமை இரவில் தனியே கரையேறும். பின்கால்களால் ஒன்றரை அடி ஆழம் குழி பறித்து, ஏறக்குறைய 100 முட்டைகள் இட்டு, மணலால் மூடி, உடலால் அமுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். தன் குஞ்சுகளை அது காண்பதேயில்லை. மணலின் சூடே அடைகாக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகமாய்ப் பிறக்கும். 45 முதல் 60 நாளில் அவை வெளிவந்து, இருளில் வெளிச்சமாய்த் தெரியும் கடலை நோக்கி ஓடும்.

ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவைமடியில் சிக்கி வெகுநேரம் நீருக்குள் கிடந்தால் மூச்சடைத்துச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின.

எந்த மீனவனும் ஆமையைக் கொல்ல வலை வீசுவதில்லை. அப்படியானால் இதில் பாவம் உண்டா? சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். அறியாமல் நேர்ந்தது குற்றமல்ல. ஆனால் அறிந்த பிறகு? தடுக்க வழியிருந்தும் அறியாதவன்போல் இருந்தால், "நான் நினைத்துச் செய்யவில்லை" என்ற சாக்கு செல்லுமா?

கூட்டில் முட்டைமேல் தாய்ப்பறவை இருக்கக் கண்டால் தாயைப் பிடிக்காமல் போகவிட வேண்டும் என்று மோயீசன் வழியாய்ச் சர்வேசுரன் கட்டளையிட்டதை உபாகமம் 22-ம் அதிகாரத்தில் காண்கிறோம். முட்டையிட வரும் ஆமையும் தாயல்லவா?

"என் பிள்ளையின் பசியைவிட ஆமை பெரிதா?" என்று மீனவர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. பிள்ளையே பெரிது. ஆனால் பிள்ளையா ஆமையா என்பதல்ல வழக்கு. ஆமை தப்பிப்போகும்படி மடியில் கம்பிச் சட்டமும் திறப்பும் வைக்கலாம். அதன் வழியே சில மீன்களும் போகும். அந்தச் சிறு நஷ்டத்தை யார் தாங்குவது என்பதே கேள்வி.

அதை மீனவர் தலையில் மட்டும் கட்டுவது தர்மமல்ல. வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கி மீன் வாங்கும் நாமும் பங்காளிகளே. மலிவாய் வேண்டும் என்று பேரம் பேசும் நம் வாயும் அந்த வலையை இழுக்கிறது. கடலைப் பார்த்து எரியும் நம் விளக்குகளும் குஞ்சுகளை வழிதப்ப வைக்கின்றன. இந்த மாதங்களில் இரவில் அவற்றை அணைத்து வைப்போம். முட்டைக் குழியைக் கண்டால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்வோம். ஆமைக்காகச் சிறிது மீனை இழந்தவரிடம் பேரம் பேசாதிருப்போம்.

இந்தத் தபசுகாலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன், "தெரியாது" என்று இனிச் சொல்ல முடியாத காரியங்களில் நான் என்ன செய்தேன் என்று ஒருமுறை ஆத்தும சோதனை செய்து பார்ப்போமாக.