கையொப்பம்

என் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல், மூலநிரலாக, முழுசாக இருக்கிறது. மூன்று கோடி வரிகளுக்கு மேல். 2005 ஏப்ரலிலிருந்து எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்பதும் 'கிட்'டில் பதிவாகியிருக்கிறது. இதில் நான் சேர்த்தது ஒரே வரி. அது இருந்தால்தான் மூடிவைத்த மடிக்கணினி மறுபடி விழிக்கிறது. ஏன் என்று தெரியாது, தட்டுத்தடுமாறிக் கண்டது. ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் அந்த வரியைத் திரும்பப் பொருத்தி, கம்பைல் செய்து, மூன்று வருஷமாய்ச் சுமக்கிறேன்.

அனுப்பிவிடுங்களேன் என்கிறார் நண்பர். அனுப்புகிறவன் தன் பெயரைக் கையொப்பமாக இடவேண்டும். 2004இல் வந்த நியதி. இதைக் கொடுக்க உனக்கு உரிமை உண்டா என்பதே அதன் கேள்வி. உண்டு; நானே எழுதியது. புரிந்து எழுதினாயா என்று பரிசீலிப்பவர் கேட்கலாம், கையொப்பம் கேட்பதில்லை. கேட்காததாலேயே கை எழவில்லை. கேட்டிருந்தால் இல்லையென்று ஒப்புக்கொண்டு தப்பியிருப்பேன்.

இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ளச் சபலம்தான். ஆனால் இதே மடிக்கணினியை வைத்திருக்கும் எவனோ ஒருவன் விழிக்காத திரையை வெறித்துக்கொண்டிருக்கக்கூடும். என் நேர்மையால் அவனுக்கு என்ன?

நேற்றுப் புதிய பதிப்பு வந்தது. வரியைப் பொருத்தினேன். விழித்தது.