யார் மேல சந்தேகம்?

பள்ளிக்கூடம் கொடுக்கும் மாற்றுச் சான்றிதழில் மாணவரின் நடத்தையையும் பண்பையும் குறிக்க ஒரு கட்டம் உண்டு. அதில் தலைமையாசிரியர் "நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். முதல் பெஞ்சில் இருந்தவனுக்கும், சுவர் ஏறிக் குதித்து மேட்னி ஷோவுக்குப் போனவனுக்கும் அதே "நன்று"தான். யாரும் விசாரிக்காமல் நமக்குக் கிடைக்கிற நல்ல பெயர் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வருகிற பெயரெல்லாம் நாம் இல்லாத இடத்தில், நம்மைக் கேட்காமல் வைக்கப்படுவது.

இதற்கு மருந்து சொல்கிற புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் வார இதழ்களோடு சேர்த்துக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பார்க்காதே, உன் மதிப்பு உன் மனசில் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் சாரம். எனக்கு அவற்றின் மேல் கோபம் இல்லை. பஸ் தாமதமானால் நானும் புரட்டுவேன். ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவரும் வாங்குபவரும் ஊர் பேசினாலும் பிழைப்பு நின்றுவிடாதவர்கள். ஊர் வாயில் பெயர் விழுந்தால் அன்று ராத்திரியே வாசலில் ஜீப் வந்து நிற்கும் என்கிற நிலையில் இருப்பவர்களும் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

விழுப்புரம் என்றதும் எனக்கு ஜெயகாந்தன் நினைவுக்கு வந்துவிடுவார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, இங்கே மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்த பையன். பாரதியும் கம்யூனிசமும் அவருக்கு அறிமுகமானது இந்த ஊரில்தான். 1946-இல் சென்னைக்குப் போய்விட்டார். ஊர்க் கணக்குப்படி பார்த்தால் அவர் ஓர் உருப்படாத பையன். படிக்காதவன், வீட்டில் அடங்காதவன். 2002-க்கான ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தபோது, அந்தக் கணக்கைப் போட்டவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்! ஆனால் அவரை நான் இங்கே இழுத்தது இந்த வெற்றிக் கதைக்காக இல்லை. வெற்றிக் கதைகள் நாலு பேரின் தீர்ப்பை மாற்றுவதில்லை. ஜெயித்தவனை மட்டும் அதிலிருந்து விடுவித்துவிட்டு, மற்றவர்கள் மேல் அந்தத் தீர்ப்பை இன்னும் உறுதியாக்குகின்றன.

1966-இல் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான் ஒருவன். நடந்ததை அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். விஷயம் அந்த வீட்டைத் தாண்டவில்லை. வாசகர்களில் ஒரு பகுதியினர் கொதித்துப்போனார்கள். அந்தக் கொதிப்புக்குப் பதிலாக ஜெயகாந்தன் ஒரு நாவலே எழுதினார்: 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அதில் அம்மா கூச்சல் போட்டு அழுதுவிடுகிறாள், அக்கம்பக்கம் கேட்டுவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்தப் பெண், கங்கா, படித்து, நல்ல வேலைக்குப் போய், கை நிறையச் சம்பாதித்தும் அன்று வைத்த பெயரோடுதான் காலம் தள்ளுகிறாள்.

காரும் மழையும் அந்தப் பெண்ணும் இரண்டிலும் ஒன்றுதான். மாறியது அம்மாவின் குரல் மட்டும். ஒருத்தியின் குணம் என்று ஊர் சொல்வது அவளிடம் இருந்து வந்ததில்லை, அவள் சொன்னதை முதலில் காதில் வாங்கியவரிடம் இருந்து வந்தது. இவ்வளவு துல்லியமாக இதைச் செய்து காட்டிய எழுத்து தமிழில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சிறுகதையில் எனக்கு ஒரு குறை உண்டு: தண்ணீர் ஊற்றுவதற்கு அழுக்கு என்று ஒன்று இருந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறதே. நாவலில் அந்தச் சமாதானம் கிடையாது, அதனாலேயே அதை உசத்தி என்பேன். கங்கா கடைசியில் ஊரின் குரலைத் தன் குரலாகவே எடுத்துக்கொள்கிறாள். உன் மதிப்பு உன் மனசில் என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்த மனசுக்குள் உட்கார்ந்திருப்பதே நாலு பேர்தான் என்றால் அவள் என்ன செய்வாள்?

கங்காவுக்காவது ஒரு நாள் ஏதோ நடந்தது. திண்டிவனம் பக்கத்து இருளர் பழங்குடியினருக்குக் கெட்ட பெயர் வர எதுவுமே நடக்க வேண்டியதில்லை. அரிசி ஆலையில் நெல் அவிக்கிறார்கள், செங்கல் சூளையில் கல் அறுக்கிறார்கள், சவுக்குத் தோப்புக்கும் வயலுக்கும் ராக்காவல் இருக்கிறார்கள். கவனியுங்கள்: விளைச்சலை இருட்டில் காவல் காக்க ஊர் நம்புவதும் இவர்களைத்தான், அதே ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் முதலில் தேடுவதும் இவர்களைத்தான். பக்கத்து மாவட்டத்துக் கதை வேறு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுக்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்து எங்கள் பக்கத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அடுத்த திருட்டுக்கு யாரைப் பிடிப்பது என்பதில் அது எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை.

1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், பிறப்பிலேயே குற்றவாளி என்று பல சமூகங்களைப் பட்டியல் போட்டது. 1952-இல் அது போயிற்று. பழக்கம் போகவில்லை. 1993-இல், அப்போது தென்னாற்காடாக இருந்த மாவட்டத்தில், முதனை கிராமத்து ராஜாக்கண்ணு ஒரு நகைத் திருட்டுக்காகக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அடித்தே கொல்லப்பட்டார். வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கில்தான் உண்மை வெளியே வந்தது. ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படம் அவரை இருளராகக் காட்டியது. படத்துக்காகச் செய்த மாற்றம்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்தில் இவர்கள் சொல்வதை முதலில் கேட்கிற ஆளாக இருந்தவர் பிரபா கல்விமணி. பேராசிரியர் கல்யாணி என்றால்தான் பழைய ஆட்களுக்குத் தெரியும். அரசுக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை உருவாக்கியவர், ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி நடத்துபவர். சங்கத்தின் வேலையில் பெரும்பகுதி மனு எழுதுவது: சாதிச் சான்றிதழுக்கு, பட்டாவுக்கு, ரேஷன் கார்டுக்கு, பொய் வழக்குக்கு எதிராக. சான்றிதழ் கேட்டுப் போன பிள்ளையிடம் "பாம்பு பிடிப்பியா?" என்று கேட்ட அதிகாரிகளைப் பற்றி இங்கே கதை கதையாகச் சொல்வார்கள். திருட்டு என்றால் சாட்சியே இல்லாமல் இருளர் ஆகிவிடுபவர், சலுகை என்றால் இருளர் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது! தமிழ் இலக்கியத்தின் வகைகளை யாராவது எண்ணினால் மனுவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், எனக்கு நடந்தது இது. ஊர் சொல்லும் கதைக்கு எதிராக ஒருவர் தன் கதையைத் தன் பெயரில் சொல்வது பல பேருக்கு அந்தக் காகிதத்தில்தான் வாய்க்கிறது. தன்மதிப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்த உருப்படியான வடிவமும் அதுவே. அதற்கு எழுதித் தர ஒரு கை வேண்டும், நம்ப ஒரு காது வேண்டும். தனியாக உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டால் வந்துவிடாது.

2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொன்னது. குற்றப் பழங்குடிகள் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட பழங்குடிகளை விருப்பம்போலக் கைது செய்யக் கூடாது என்றும் காவல் துறைக்குச் சொன்னது. நல்ல தீர்ப்பு. காவல் நிலையம் மட்டும் திருந்தினால் போதும் என்றால் நானும் இத்தோடு நிறுத்திவிடுவேன்.

ஆனால் பெயரை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது நாம்தானே. வீட்டில் ஒரு பொருள் காணாமல் போகிறது, புகார் கொடுக்கப் போகிறோம், எழுத்தர் நிமிர்ந்து பார்த்து "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்கிறார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயில் முதலில் வருகிற பெயர், தோப்பில் காவல் இருப்பவன் பெயர். அந்த இடத்தில், ஐயா, அம்மா, கொஞ்சம் நிதானியுங்கள். பார்த்ததை எழுதிக் கொடுங்கள், பார்க்காத ஆளின் பெயரை எழுதாதீர்கள். யார் எடுத்தது என்று தெரியாது என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தப் புகாரை அவர்கள் பதிவு செய்தாக வேண்டும். சட்டம் அதைத்தான் சொல்கிறது.